அடுப்படிச் சிப்பிப் பானை

ஏளா, ஒனக்கு வேற சோலியே இல்லையா? ஈயைக் கண்டால் இந்தக் கிழவி ஏன் விளக்குமாற்றைத் தூக்குகிறாள் என்று தெரிந்து நீ என்ன பரீட்சையா எழுதப் போகிறாய்? வாய் மூடிச் சாப்பிடேன் என்றால் கேட்கிறாயா? சரி, கேள். அப்புறம் சோறு இறங்கவில்லை என்று என் மேல் பழி போடாதே.

எனக்கு முன்பல் விழுந்து முளைக்காத வயசு. அந்த வருசம் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கப் போனார். எடுத்த சிப்பி மொத்தத்தையும் கரையில் சர்க்கார் ஆபீசர் முன்னால் கொட்ட வேண்டும். அவர் பங்கு பிரித்துக் கொடுப்பார். மாமாவுக்கு அந்தப் பங்கு போதவில்லை. ஈரப் பாய்க்குள் கொஞ்சம் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சிப்பியை அழுக விட வேண்டும். சதை கரைந்து ஓடிய பிறகு அலசினால் முத்து அடியில் நிற்கும். அதையெல்லாம் ஊருக்குத் தள்ளி, கடலோரத்தில் செய்வார்கள். திருட்டுச் சிப்பியை அங்கே கொண்டுபோக முடியுமா? எங்கள் அடுப்படி மூலையில், பானைக்குள், சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். நாற்றத்தை மறைக்க அம்மா வேளை தவறாமல் கருவாடு சுட்டாள். தெருவில் மற்ற வீடுகளிலும் கருவாட்டுப் புகை. ஊருக்கே கருவாட்டு ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பானை மேல் கிடந்த சாக்கு கறுப்பாக இருக்கும். கையை வீசினால்தான் அதன் நிறம் தெரியும். அத்தனை ஈ.

ஒரு விடியலில் என் தம்பிக்கு வயிறு கழிய ஆரம்பித்தது. நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை. முதலில் மஞ்சளாகப் போனது, பிறகு அரிசி கழுவின தண்ணீர் போல. கூடவே வாந்தி. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி குடுக்காதீங்க மதினி. குடுக்கக் குடுக்க ஓடும்."

அம்மாவும் அதை நம்பினாள். தம்பி குடத்தைப் பார்த்துக் கையை நீட்டினான். அம்மா குடத்தை வெளியே கொண்டுபோய் வைத்தாள். உச்சி வெயில் ஏறியபோது அவன் கண் குழிக்குள் போயிருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. எனக்கு அதுதான் பயம். தண்ணீர் வராமல் ஒரு பிள்ளை அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகையும் நின்றது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

முத்துக் குளிகாரர்களுக்காகக் கடற்கரையில் ஒரு வைத்தியக் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கிருந்த கம்பவுண்டர் தம்பியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளினது கிள்ளினபடியே நின்றது.

"தண்ணி குடுத்தியாம்மா?"

"இல்ல சார். குடுத்தா ஓடும்னு..."

"காயப் போட்டுட்டியே! பிள்ளையா, கருவாடா?"

ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார். கொதிக்க வைத்த கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாக விடச் சொன்னார். முதல் கரண்டி அவன் கழுத்தில் வழிந்தது. அடுத்ததை விழுங்கினான். அம்மா மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஊட்டினாள். பொழுது சாயும்போது தம்பி மூத்திரம் பெய்தான். கம்பவுண்டர் சிரித்தார். மூத்திரத்துக்கு ஒரு பெரிய மனிதர் அப்படிச் சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை.

நாங்கள் கிளம்பும்போது அவர் சொன்னார்: "வெளிக்கிருந்த இடத்துல ஒக்காந்த ஈதான் சோத்துலயும் ஒக்காருது. தண்ணியக் காய்ச்சு, கையச் சோப்புப் போட்டுக் கழுவு, சோத்த மூடி வை. வீட்டுல எதையும் அழுக விட்டிருக்கியா?"

"இல்ல சார்," என்றாள் அம்மா, தரையைப் பார்த்து.

வீட்டுக்கு வந்ததும் தம்பியை என் மடியில் போட்டாள். பானையை இடுப்பில் தூக்கினாள். மாமா வாசலை மறித்தார்.

"எக்கா, ஒனக்குக் கிறுக்கா? இன்னும் ரெண்டு நாளு பொறு. அதுல ஒரு வீடே கெடக்கும்!"

"அப்ப நீ போயி அந்த வீட்டுல இரு. வழிய விடுலே."

பானையோடு கடலில் கொட்டிவிட்டு வந்தாள். சாம்பலைப் போட்டு அடுப்படியைத் தேய்த்துக் கழுவினாள். அதோடு நிற்கவில்லை. தெருவுக்குப் போய் வீடு வீடாக நின்றாள்.

"நாளைக்குக் காலையில ஆபீசர் வாராராம். அடுப்படி அடுப்படியாச் சோதிக்கப் போறாராம். பானை அகப்பட்டா ஆம்பளைகளுக்கு வெலங்குதானாம்."

"எங்க வீட்டுல என்ன கெடக்கு, சோதிக்க?" என்று பக்கத்து வீட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் உறங்குவதற்குள் அவளும் இடுப்பில் பானையோடு கடலுக்குப் போனாள். முன்னாலும் பின்னாலும் தெருப் பெண்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து நான் வாசலை விட்டு நகரவில்லை. மாமாவுக்கு விலங்கு மாட்டுவார்களே என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கிச் சட்டை ஒன்றுகூடத் தெருவுக்குள் வரவில்லை. சாயங்காலம் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க மதினி ஒங்க ஆபீசரு?"

அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "வந்தாரே! தெருமொனையில நின்னு பாத்தாரு. ஒரு ஈ கூடக் காணோம், இங்க என்ன இருக்கப் போவுதுன்னு அப்படியே திரும்பிட்டாரு."

நாள் முழுக்க வாசலில் இருந்த என் கண்ணில் அவர் எப்படிப் படாமல் போனார் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.