குடிசைக்குள் இரண்டு நாள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதத் துணிவது அதிகப்பிரசங்கம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலஹா ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு சாமியார் வந்தார். நாற்பது நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் தியானம் என்று சொல்லி, கோயிலுக்குப் பின்னாலிருந்த குடிசையில் கண்மூடி உட்கார்ந்தார். அவர் கண் திறக்கும்வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று என் அக்கா நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாளே அவளுடைய கைக்குழந்தைக்குப் பால் போதவில்லை.

குடிசை வாசலில் சனங்கள் வைத்த பால் தினமும் காலையில் காலியாக இருந்தது. குரங்கு குடித்திருக்கும் என்றாள் அக்கா.

“கொரங்கு செம்பக் கழுவிக் கவுத்து வைக்குமாக்கா?”

“வாயில்லாப் பூச்சி, நீ சாமியச் சோதிக்கப் போறியா?”

போனேன். நாலு பேர் முன்னால் நாக்கு எழாத நான், வேலையை விட்டுவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். பால் கொண்டுவந்தவர்களைக் கையசைத்தே திருப்பி அனுப்பினேன். அவர் அசையவில்லை. கால் மரத்தது எனக்குத்தான். நான்தான் பாவம் செய்கிறேனோ என்றுகூட நினைத்தேன்; ஆனாலும் இரவில்கூட எழுந்து போகவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், கண் திறக்காமலே, “தம்பி, கொஞ்சம் தண்ணி குடுப்பா” என்றார்.

“தாரேன் சாமி. அக்காவச் சாப்பிடச் சொல்லுங்க.”

அவர் கண்ணைத் திறந்து, அவளை அழைத்து வரச் சொன்னார். அவர் முன்னாலேயே அக்கா கஞ்சி குடித்தாள். அதன் பிறகுதான் அவர் செம்பைத் தொட்டார். பால் விஷயத்தை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் பேராதனை பஸ்ஸில் ஏறினார். நான் வேலைக்குப் போனேன்.