மச்சாள் குடித்த என் மருந்து

எனக்குக் குடலில் புண் வந்து ஆறு வருடமாகிறது. குரோன்ஸ் என்று அதற்குப் பெயர். வரும்போது வயிற்றைப் பிசைந்து எடுக்கும், போகும்போது சொல்லாமல் போய்விடும். நான் களுதாவளையில் கணக்குப் படிப்பிக்கிறவள். கோபக்காரி என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெயர். வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு என்னிடம் முட்டைதான், இரக்கமே கிடையாது.

போன வருடம் நோவு கூடிப்போக, டொக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதற்குப் போகிறவர் வெறும் வயிற்றோடு போய், அங்கே தருகிற ஒன்றரை லீற்றர் தித்திப்புத் தண்ணீரை ஒரு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குடல் நிரம்பி விரிந்தால்தான் எந்த இடம் ஒடுங்கியிருக்கிறது என்று படத்தில் தெரியும். நேர்ஸ் பிள்ளை இதையெல்லாம் விளங்கப்படுத்தத்தான் செய்தது. நான்தான் பாதியைக் காதில் வாங்கவில்லை.

துணைக்கு வந்தவள் மச்சாள், என் கணவரின் தங்கை. நான் பட்டினி கிடக்கத் தான் தின்பதா என்று அவளும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். பக்கத்தில் ஒருத்தி வாய் காய்ந்து இருக்க, நான் மட்டும் மடமடவென்று குடிப்பதா? எங்கள் பக்கம் அப்படி வழக்கமில்லை. ஜக்கிலிருந்து ஒரு கப்பை நிரப்பி நீட்டினேன். இரண்டு தரம் வேண்டாம் என்றாள், மூன்றாம் தரம் வாங்கினாள். பிறகென்ன, எனக்கொன்று அவளுக்கொன்று. ஜக் முடியும்போது ஊரில் பாதிப் பேரின் கதையும் முடிந்திருந்தது. நேர்ஸ் வெறும் ஜக்கைப் பார்த்துவிட்டு, கெட்டிக்கார டீச்சர் என்று மெச்சியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் முழுக்க மச்சாளுக்குக் கக்கூசும் வீடும்தான். வரும் வழியில் கன்டீனில் தின்ற வடையை நாள் முழுக்கத் திட்டினாள்.

ஒரு கிழமையில் ரிப்போர்ட் வந்தது. டொக்டர், முடிவு எழுதியிருக்கிற கடைசிப் பந்திக்கு நேரே கண்ணைக் கொண்டுபோனார். ஒரு அடி நீளத்துக்குக் குடல் ஒடுங்கியிருக்கிறதாம். அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டி வருமாம், கொஞ்சக் காலம் மலம் போக வயிற்றில் பை வைக்கவும் வேண்டி வரலாமாம். வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். வயிற்றில் பையோடு எப்படி வகுப்பில் நிற்பது? என் கணவரோ ஒரு சொல் பேசவில்லை. விடிந்தால் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கிற வயல் வட்டைக்குப் போவார், வேலையைப் பார்ப்பார், வந்து சோற்றைத் தின்றுவிட்டுப் படுப்பார். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் வயலில் வேலை இருக்கிறது என்பார். கல்லுக்குக் கூட ஈரம் இருக்கும், இந்த மனிசனுக்கு இல்லையே என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆத்திரம் தாங்காமல், அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து வாசித்தேன். மூன்றாவது வரியில் இருந்தது: குடல் போதுமானளவு விரியவில்லை, விரியாத குடல் தடித்து ஒடுங்கியதுபோலத் தோன்றக்கூடும், ஆகவே உறுதியாகச் சொல்வது கடினம். டொக்டரும் நானும் ஒரே பாய்ச்சலில் விடைக்குப் போயிருக்கிறோம். முட்டை எனக்குத்தான் போட வேண்டும். சரி, ஜக் முழுக்க முடிந்ததே, பிறகேன் விரியவில்லை? மச்சாளைக் கூப்பிட்டேன்.

"அண்டைக்கு நீ எத்தின கப் குடிச்சாய்?"

விரலை மடித்து எண்ணினாள். "அஞ்சு, ஆறு இரிக்கும். நீங்கதானே மச்சாள் தந்தீங்க." சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "அப்ப வடையில பிழ இல்லையா?"

அடுத்த நாளே டொக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஏசுவார் என்று பயந்தேன். மனிசன் பேனையை வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அந்த வரியைத் தானும் பார்த்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ரிப்போர்ட் எழுதிய டொக்டரம்மாவுக்குப் போன் எடுத்தார். சந்தேகம் இருந்ததால்தான் அந்த வரியை எழுதினேன், இனிமேல் கடைசிப் பந்தியிலும் எழுதுகிறேன் என்றாராம் அவர். மறுபடி ஸ்கேனுக்குத் திகதி தந்தார்கள்.

இரண்டாம் முறை மச்சாள் என் பக்கமே வரவில்லை. வராந்தாவின் அந்தக் கடைசித் தொங்கலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். ஒன்றரை லீற்றரையும் தனியே குடித்தேன். ருசியைப் பொறுக்கலாம், யாருக்கும் ஒரு வாய் கொடுக்காமல் குடிக்கிற வெட்கத்தைப் பொறுக்க முடியவில்லை.

ரிப்போர்ட் வந்த அன்று டொக்டர் ஒவ்வொரு வரியாக, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். குடல் நன்றாக விரிந்திருக்கிறது. ஒடுக்கம் இரண்டு அங்குலம்தான். அதுவும் வீக்கம், தழும்பு இல்லை. மச்சாள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"மருந்துக்குக் கேக்கும். கத்தி வேணாம், டீச்சர்" என்றார் டொக்டர்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரிக்கிறேன், அழுகிறேன், போனில் பிழையான இலக்கத்தை அழுத்துகிறேன். மச்சாள்தான் பறித்து எடுத்து, வெட்டத் தேவையில்லையாம் என்று தன் அண்ணனுக்குச் சொல்லிவிட்டுப் போனை என் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் கேட்டது என் கணவரின் விம்மல். கல்யாணம் முடித்து இருபத்தொரு வருடம், அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இவ்வளவு நாளும் பயத்தில்தான் வாயைக் கட்டியிருக்கிறார், அதைத்தான் நான் ஈரமில்லை என்று திட்டியிருக்கிறேன்.

"அங்கயே நில்லு. வாறன்" என்றார்.

ஒரு மணித்தியாலம் நின்றோம். முழங்கால் வரை வயல் சேற்றோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.