கேபிள்காரனின் சாவு வீட்டுக் காமெடி

கொரட்டூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நம் மின்னஞ்சல் குழுவுக்கு இதைத் தட்டுகிறேன். அருவருப்பு இன்னும் அடங்கவில்லை.

எங்கள் ஏரியா கேபிள்காரன் மணி தினமும் சாயங்காலம் தன் கேபிள் சேனலில் சொந்தமாக ஒரு காமெடி போடுகிறான். எழுதிவைத்த வசனம் கிடையாது. நாலு பேர் வீடியோ கேமரா முன்னால் நின்று, நாலு இடத்தில் மனிதர்கள் அசடு வழிவதை வாய்க்கு வந்தபடி நடிப்பார்கள்.

இன்று சாவு வீடு. துக்கம் கேட்க வந்த மணி, கிளம்பும்போது "போயிட்டு வரேங்க்கா" என்கிறான். சாவு வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? புடவை கட்டிய ஒருவன், "ஐயோ, இன்னொரு தபா வருவியா!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுகிறான்.

போன மாதம் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் கணவர் இறந்தபோது மணி நிஜமாகவே உளறியது இது. அந்த அழுகையும் அப்படியே அக்காவின் அழுகைதான்.

அக்கா எங்கள் வீட்டில்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் கிளம்பும்போது "வரேம்பா" என்பவர், இன்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். சாவு வீட்டிலிருந்து போவதைப் போல.

தெருமுனையில் மணி என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னா அண்ணாத்தே, நம்ம ஆட்டம் எப்டி கீது? ஒரு வரி எழுதல. தானா வந்துகினே இருந்துச்சு!"

"வாந்தியும் அப்படித்தாண்டா வரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக்கு எங்கள் வீட்டு டிவியில் படம் தெரியுமா, வெறும் புள்ளிதானா? நீங்களே சொல்லுங்கள்.