மீன்கார அக்கா கேட்ட பாட்டு

என் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாடலை முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் பதிவுசெய்துகொண்டிருந்தேன். பாட்டு பிரெஞ்சு மொழியில், ஷான்சோன் என்ற பிரெஞ்சு மெல்லிசைப் பாணி. இசையோ அமெரிக்கக் கிராமத்துக் கிட்டாரும் பான்ஜோவும். இந்தக் கலவையை யார் நின்று கேட்பார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அன்று காலை குரல் பிரமாதமாக வந்தது. கடைசிச் சரணத்துக்கு முன் ஒரு கணம் நிறுத்தினேன்.

"மீனேய்... வஞ்சிரம்..."

தெருவிலிருந்து வந்த குரல் பதிவைக் கெடுத்துவிட்டது. கோபத்தோடு கீழே ஓடினேன். வீராம்பட்டினத்து மீன்கார அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தார்.

"நீதான் பாடுனியாம்மா? முடியட்டும்னுதான் கூவாம நின்னேன். நீ நிறுத்துனதும் முடிஞ்சிட்டுதுன்னு நெனச்சிட்டேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"உங்களுக்குப் புரிஞ்சுதாக்கா?"

"பாஷை எங்க புரிஞ்சுது? யாரையோ ஊருக்கு அனுப்பிட்டுப் பாடுறமாரி இருந்துது."

அது பிரிவைப் பற்றிய பாட்டேதான்.

"மேல வாங்கக்கா, முழுசாப் பாடுறேன்."

"மீனு கெட்டுப்போயிடும்மா."

"கூடையோட வாங்க."

அறையெல்லாம் மீன் வாசனை. அவர் முகத்தைப் பார்த்தபடியே பாடினேன். ஆல்பத்தில் இருப்பது அந்தப் பதிவுதான். அதுவரை மைக்கைப் பார்த்தே பாடிப் பழகியவள் நான். ஒரு மனுஷிக்காகப் பாடியது அன்றைக்குத்தான்.