எண்பதை முப்பது என்று வாசித்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கல்முனைக்குடியில் எங்கள் கண்ணாடிக் கடையில் நடந்தது இது.

கடை வாப்பா தொடங்கியது. வீட்டு முன்னறையில் ஒரு அலுமாரியோடு தொடங்கினார். லென்ஸ் வெட்டிப் பிரேமில் பொருத்த எனக்குப் பழக்கினார். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தங்கச்சிக்குக் கல்யாணமானதும் வீடு அவளுக்குப் போனது, வீட்டோடு கடையும் மச்சானின் கூரைக்குக் கீழ் போனது. நானும் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் அதை நான் யோசிக்கவில்லை. மச்சான் கண் பார்க்கப் படித்தவர். வாப்பா அவரையும் கடையில் பங்காளியாக்கினார். வருகிறவர்கள் எல்லாரும் “டொக்டர் இரிக்காரா?” என்றுதான் கேட்பார்கள். பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவனை யாரும் கேட்பதில்லை. பதினொரு வருடம் அது எனக்கு எரிந்தது. அவர் ஒரு பிழை விடட்டும் என்று காத்திருந்தேன்.

அன்று கடை நிறைய ஆட்கள். பாண்டிருப்பிலிருந்து தையல்காரப் பெண் ஒருவர் வந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பெருநாள் உடுப்பு பாதி அவர் கையில் இருந்தது. இரண்டு நாளைக்கு முன் கொடுத்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தம்பி, இதப் போட்டா மெசினே சரிஞ்சு தெரியுது. தலை இடிக்குது. தைக்க ஏலாமக் கிடக்கு.”

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாப்பாவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்: “கண் பார்த்தது நான் இல்ல அக்கா. படிச்சவர்ட்டக் கேளுங்க.”

மச்சான் கண்ணாடியை வாங்கிச் சோதிக்கும் கருவியில் வைத்தார். தான் அளவு எழுதிய துண்டுக் கடதாசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் திரும்பி, “என்ட பிழை அக்கா. பின்னேரம் வாங்க, சரியாக்கித் தாறம்” என்றார்.

“பெருநாள் நேரத்தில இப்படியா மருமகன்?” என்றார் வாப்பா, எல்லாருக்கும் முன்னால். அந்த ஏச்சைத்தான் நான் பதினொரு வருடம் எதிர்பார்த்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் பின்னறைக்கு வந்து கதவைச் சாத்தினார். துண்டை நீட்டி, “இத வாசிங்க மச்சான்” என்றார்.

“முப்பது.”

“கைய நீட்டிப் பிடிச்சு வாசிங்க.”

நீட்டினேன். எண்பது. லென்ஸின் அச்சை எண்பது பாகைச் சாய்வில் பொருத்தச் சொல்லி அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். நான் முப்பதில் பொருத்தியிருந்தேன்.

“எத்தின மாசமா இப்படி?”

வெள்ளெழுத்து வந்தது எனக்குத் தெரியும். கண்ணாடிக் கடைக்காரன் கண்ணைச் சோதிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், சோதிக்கிறவர் அவர் என்பதுதான். அவருக்கு முன்னால் கருவியில் தாடையை வைத்துக்கொண்டு இருக்க எனக்கு மனம் வரவில்லை.

“நாப்பது வயசு தாண்டினா எல்லாருக்கும் வாறதுதான். வந்து கதிரையில இரிங்க” என்றார்.

இருந்தேன். அவர் எழுதித் தந்தபடி எனக்கு ஒரு கண்ணாடி செய்து, அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணுக்குப் புது லென்ஸ் வெட்டினேன்.

பின்னேரம் தையல்கார அக்கா வந்து, கடையிலேயே ஊசியில் நூலைக் கோத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். என் முகத்தில் இருந்த புதுக் கண்ணாடியைப் பார்த்து, மச்சானைக் காட்டி, “உங்களுக்கும் இவர்தான் பார்த்தவரா? கவனம் தம்பி” என்றார். கடையே சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். மச்சானும் சிரித்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் வாயைத் திறக்கவில்லை.

மச்சான் அதைத் தங்கச்சிக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டை பிடித்து மனம் ஆறியிருப்பேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். முன்பு அவருடைய படிப்பைப் பார்த்து எரிந்தேன். இப்போது, அத்தனை பேருக்கு முன்னால் “என்ட பிழை” என்று சொல்ல அவருக்கு முடிந்ததே, அதைப் பார்த்து எரிகிறேன். வாப்பா இன்றைக்கும் அந்தப் பிழை மருமகனுடையது என்றே நம்புகிறார், அது என்னுடையது என்று அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.