ஸ்டெப்னிக்கு என்ன சைஸ்

திருமுல்லைவாயிலில் கார் சீட் உறை தைக்கும் கம்பெனியில் ரேவதிக்கு நாள் முழுக்க நின்றபடி வேலை. தைத்து முடித்த உறைகள் அவள் மேசைக்கு வரும். தையல் எங்கே விட்டிருக்கிறது, நூல் எங்கே பிசிறி நிற்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். சாயங்காலம் கள்ளிக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டு முட்டியும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். முப்பத்துமூன்று வயதுதான். பக்கத்து மேசைப் பெண்கள் அவளை ஃபாரின் அக்கா என்று கூப்பிட்டார்கள். அங்கே என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டவர்களிடம் பாராசூட் மடித்தேன் என்று சொல்லிப் பார்த்தாள். சிரித்தார்கள். அப்புறம் ஓட்டல் வேலை என்று சொல்ல ஆரம்பித்தாள். விளக்கிச் சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை.

ஓட்டல் என்பதும் பொய்யில்லை. துபாய்க்கு அவள் போனது ஓட்டல் அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றத்தான். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரி மரிஸா, விமானத்திலிருந்து குதித்து விளையாடுகிறவர்களின் பாராசூட்டுகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் மூலையை இப்படி மடிக்கிற கை அதையும் மடிக்கும் என்று சொல்லி ரேவதியைக் கூட்டிக்கொண்டு போனாள். துபாய், பிறகு தாய்லாந்து, பிறகு ஸ்பெயின். எல்லா ஊரிலும் ரேவதி அதிகம் பார்த்தது தரையைத்தான். நாளெல்லாம் முட்டி போட்டு, வழுக்கும் துணியின்மேல் படுத்து, உள்ளே இருக்கும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, கைப்பை அளவுக்குச் சுருட்டிப் பைக்குள் திணிக்க வேண்டும். முட்டி போனது அப்படித்தான்.

விமானத்தில் இடம் காலியாக இருக்கும் நாட்களில் வேலையாட்களும் குதிக்கக் கற்றுக்கொள்ளலாம். ரேவதி கற்றுக்கொண்டாள். முதலில் பயந்தாள். போகப் போக அதற்காகவே ஊர் ஊராகப் போனாள். முட்டி எதையும் தாங்க வேண்டாத நேரம் அவளுக்கு அது ஒன்றுதான்.

அப்பா கன்னியப்பன் படுக்கையில் விழுந்தபோது சொந்தப் பாராசூட்டை விற்றுவிட்டுத் திரும்பினாள். மினி லாரி ஓட்டிய மனுஷன், ஆறு மாதம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். அம்மா அஞ்சலையைத் தனியே விட மனமில்லாமல் ரேவதி தங்கிவிட்டாள். தைராய்டு வந்தது, உடம்பு போட்டது, சீட் உறை வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

தை மாதக் கடைசியில் மரிஸா ஸ்பெயினிலிருந்து கூப்பிட்டாள். புதிதாகக் குதிக்கிறவர்களோடு கூடவே குதித்துப் படம் எடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது, முட்டி போட வேண்டியதில்லை, ஆனால் சொந்தமாகப் பாராசூட் வேண்டும் என்றாள். பழையது ஒன்றை ரேவதிக்காகவே எடுத்து வைத்திருக்கிறாளாம். சீசன் மார்ச்சில் ஆரம்பம். மறுநாளே ரேவதி சூப்பர்வைசர் கஜபதியிடம் மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லத்தான் நேரம் எடுத்தது. முதுகில் மாட்டும் பையில் இரண்டு பாராசூட் இருக்கும் என்று ஆரம்பித்தாள். ஒன்று பறக்க. அது சிக்கிக்கொண்டால் அறுத்துவிட்டு இன்னொன்றை இழுக்க வேண்டும், அதற்கு ரிசர்வ் என்று பெயர். அஞ்சலை அதுவரை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்தவள், "ஸ்டெப்னின்னு சொல்லேன்" என்றாள்.

"ஸ்டெப்னிதான்."

"உங்கப்பன் வண்டில ஸ்டெப்னி எந்நாளும் மொட்டையாத்தான் இருக்கும்" என்றாள் அஞ்சலை.

சிக்கல் அந்த ஸ்டெப்னியில்தான் வந்தது. மரிஸா எடுத்து வைத்திருந்ததில் ரிசர்வ் நூற்று நாற்பத்துமூன்று சதுர அடி. பையும் அந்த அளவுக்கே தைத்தது. பெரிய ரிசர்வை அதற்குள் திணித்தால் அவசரத்தில் வெளியே வராது. உடம்பு, உடை, பை எல்லாம் சேர்ந்த எடையைப் பவுண்டில் எடுத்து, சதுர அடியால் வகுத்தால் ஒன்றேகாலைத் தாண்டக் கூடாது. தயாரிக்கிறவர்கள் இன்னும் தாராளமாக விடுவார்கள். இது மரிஸாவின் சொந்தக் கணக்கு. ரொம்ப நாள் குதிக்காமல் இருந்து வருகிறவளுக்கு அதற்கு மேல் தரமாட்டேன் என்றாள். எடை என்ன என்று கேட்டாள். ரேவதி யோசிக்காமல் ஐம்பத்தெட்டு கிலோ என்றாள்.

அந்த எண் அஞ்சலை கண்டுபிடித்தது. கல்யாணத் தரகர்கள் யார் வந்தாலும் பெண்ணின் எடை ஐம்பத்தெட்டு என்றே சொல்லி வந்தாள். பள்ளிக்கூடத்து யூனிஃபார்மை மட்டும் எப்போதும் இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து மடித்துத் தைத்துப் போட்டவள், தரகர் விஷயத்தில் பத்துப் பதினைந்து கிலோவை வாயாலேயே இறக்கிவிடுவாள். கேட்டுக் கேட்டு ரேவதிக்கும் அதுவே தன் எடை என்று ஆகிவிட்டது.

மரிஸா வீடியோவில் அவள் தாடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாட்டிக்கொள்வதை எல்லாம் மாட்டிக்கொண்டு தராசில் ஏறிப் பார்த்துச் சொல் என்றாள். பாராசூட் பைக்குப் பதில் பத்துக் கிலோ ஏதாவது தூக்கிக்கொள் என்றும் சொன்னாள்.

மெடிக்கல் ஷாப் மிஷினில் ஏறினால் அங்கே இருக்கும் பெண் எண்ணைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பாள். வீராசாமியின் காயலான் கடையில் பழைய இரும்பு நிறுக்கும் பெரிய தராசு பின்னால் தனியாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குதிக்கும்போது போடும், மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த உடுப்பு, ஷூ, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு, முதல் நாள் வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பையைப் பிரிக்காமல் முதுகுப் பையில் வைத்துக்கொண்டு போனாள். உடுப்பின் ஜிப் மார்புக்கு மேலே ஏறவில்லை.

வீராசாமி அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, உன்னையே எடைக்குப் போட வன்ட்டியா?"

"பழைய இரும்புன்னு எடுத்துக்க அண்ணாத்தே. இன்னா ரேட்டு?"

"முட்டி ரெண்டும் துருவாமே. உங்கம்மா சொல்லிச்சு. அத்த கழிச்சுக்குவேன்."

தராசு எழுபத்தேழு காட்டியது. ரேவதி மேலேயே நின்றபடி செல்போனில் கணக்குப் போட்டாள். ஒன்றேகாலுக்கு உள்ளேதான் வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது வெயிலும் அரிசியும் கனக்கவில்லை.

அஞ்சலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபத்தேழு என்றதும் அது அதிகமா குறைவா என்று கேட்டாள். சரியாக இருக்கிறது, மார்ச்சில் போகலாம் என்றாள் ரேவதி. எங்கே எடை போட்டாய் என்று அம்மா கேட்டாள். வீராசாமி கடை என்றதும் அஞ்சலை கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவன் தராசுல ஏறிட்டா வந்து எங்கிட்ட எடை சொல்ற?"

"ஏன், இன்னா அதுக்கு?"

"அவன் வாங்கறவன்டி. விக்கறவன் இல்ல. எத்தினி வருசமா பேப்பர் போடறேன் அவங்கிட்ட. பத்து கிலோ இங்க கட்டி எடுத்துட்டுப் போனா அங்க ஒம்போது தான் காட்டும்."

ரேவதிக்குச் சுரீர் என்றது. "நான் போவக்கூடாது. அதுக்குத்தானே சொல்ற?"

"போவாதன்னுதான் அன்னிலேர்ந்து சொல்றேன். அது வேற. இது ஸ்டெப்னி சமாச்சாரம்." அஞ்சலை மறுபடி கத்தியை எடுத்தாள். "அரிசியத் தனியா வச்சிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப நடந்தாள். வியர்வையில் உடுப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டது. காயலான் கடைத் தராசில் அரிசிப் பையை மட்டும் வைத்தாள். ஒன்பது. எடுத்து மறுபடி வைத்தாள். ஒன்பதுதான்.

வீராசாமி எட்டிப் பார்த்தார். "அரிசில கல்ல பொறுக்கிட்டாங்களோ இன்னாவோ" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் அட்டைப்பெட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆளுங்கள எடை போடறதுக்கு நான் கட வைக்கலம்மா" என்றார்.

எழுபத்தேழை ஒன்பதால் வகுத்துப் பத்தால் பெருக்கினாள். எண்பத்தைந்தரை. மரிஸாவின் கணக்கு ஒன்றேகாலைத் தாண்டிப் போனது.

அரிசியோடு நடந்து வருகையில், எழுபத்தேழு என்றே அனுப்பினால் என்ன என்று நினைத்தாள். மரிஸா நம்புவாள். மார்ச்சில் ஏறிவிடலாம். ரிசர்வ் இழுக்கிற நாள் வராமலே எத்தனையோ பேர் வருஷக்கணக்காகக் குதிக்கிறார்கள். அவளும் ஒரு தடவைகூட இழுத்ததில்லை. தாய்லாந்தில் ஒருவன் இழுத்ததைப் பார்த்திருக்கிறாள். பருத்த ஆள், மெல்லிய பை அழகாக இருக்கிறது என்று சின்ன ரிசர்வ் வைத்திருந்தான். அது ஒழுங்காகத்தான் திறந்தது. ஆனால் எறிந்த கல்லாக இறங்கியது. இடுப்பு உடைந்தது. முதல் பாராசூட்டை உன் ஆசைக்கு வாங்கு, ரிசர்வை நீ அசந்துபோன நாளுக்கு வாங்கு என்று அன்றைக்கு மரிஸா சொன்னாள். கள்ளிக்குப்பம் ரோட்டில் அரிசி மூட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டே, எனக்கு எந்த நாள்தான் அசதி இல்லாத நாள் என்று ரேவதி யோசித்துப் பார்த்தாள்.

வீட்டில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். ரேவதி அரிசியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். செல்போனை எடுத்து எண்பத்தைந்தரை என்று அடித்தாள். எவ்வளவு போட்டாய் என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. சொன்னாள்.

"எண்பத்தாறுனு போடு. கௌம்பற வரிக்கும் இங்கதான துன்னப் போற."

எண்பத்தாறு என்று மாற்றி அனுப்பினாள்.

பதில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னே வந்தது. அந்த எடைக்கு நூற்று அறுபது வேண்டும் என்று எழுதியிருந்தாள் மரிஸா. அந்த அளவு இப்போது கையில் இல்லை, பையோடு சேர்த்துச் செய்து வருவதற்குள் சீசன் முடிந்துவிடும், படம் எடுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த வருஷம் வருவதாக இருந்தால் சொல், இப்போதே செய்யச் சொல்கிறேன். பொய் சொல்லாததற்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி. ரேவதி செய்யச் சொல் என்று மட்டும் எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அஞ்சலை சோற்றை இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கம்பெனியில் கஜபதியிடம் போய், நின்றுகொள்வதாகச் சொன்னதை விட்டுவிடுங்கள் சார், தொடர்ந்து வருகிறேன் என்றாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இன்னாம்மா, விசா வரலியா?"

"விசா இல்ல சார். எடை ஜாஸ்தியாயிடுச்சு."

"லக்கேஜா?"

ரேவதி கால் மாற்றி நின்றாள். முட்டி வலித்தது.

"ஆமா சார். லக்கேஜ்தான்."

மேசையில் சனிக்கிழமை மிச்சம் கிடந்த உறைகள் குவிந்திருந்தன. மேலே இருந்ததை இழுத்துத் தையலைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள்.