இரண்டு தரம் வந்த வரி

அக்கராயனில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்து விடும் வேலை என்னுடையது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்தாலும் பத்து வருடத்துக்கு மேல் அதைச் செய்தேன். குளத்து மதகான துருசிலிருந்து கடைசி வயல் வரை மண்வெட்டியோடு நடப்பேன். அன்றைக்கு யாருடைய முறையோ அவர்களின் மடையைத் திறப்பேன், மற்ற மடைகளை அடைப்பேன். இந்த வேலைக்கு அதிகம் கதைக்கத் தேவையில்லை. அதனால்தான் எனக்கு அது பிடித்திருந்தது.

எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. சங்கக் கூட்டம் நடந்தால் கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். யாராவது என் பக்கம் திரும்பினால் சைக்கிளைப் பார்க்கிற மாதிரி வெளியே பார்ப்பேன்.

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் எங்கள் கமக்காரர் சங்கத்துக்கு ஒரு பழைய கொம்பியூட்டர் கிடைத்தது. சங்கத்தின் செயலாளர் ஒரு அக்கா. முன்பு கந்தோர் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்தவா. ஊரில் கரண்ட் இல்லை. பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஜெனரேற்றர் போடுவோம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் முறைப் பட்டியலை அடிக்க வேண்டும். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்பது எனக்குத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல அக்கா அடிப்பா. ஒரு நாள் அவாவுக்குக் கைவிரல் வீங்கிவிட்டது.

“நீங்களே இருந்து அடியுங்கோ தம்பி. மண்வெட்டி பிடிக்கிற கைக்கு இது ஒரு பாரமே?” என்றா.

இருந்தேன். அன்றைக்கு எழும்ப மனம் வரவில்லை. கொம்பியூட்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை பேசாமல் இருந்தது. என்னோடு இவ்வளவு பொறுமையாக இருந்த ஆள் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் கொம்பியூட்டரில் பெரிய செயலிகள் ஓடாது. அவை திறந்து முடிவதற்குள் ஜெனரேற்றரின் எண்ணெய் முடிந்துவிடும். கிளிநொச்சியில் சீடிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் சின்ன எடிற்றர் ஒன்றைப் போட்டுத் தந்தார். முல்லைத்தீவுக்காரர். புத்தளத்தில் கனகாலம் இருந்துவிட்டு, பாதை திறந்த பிறகு வந்து கடை போட்டவர். அந்த எடிற்றர் வெறும் எழுத்தை எழுதி வைக்கும், அவ்வளவுதான். வேறு ஏதாவது வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சின்னக் கோப்பை அதன் பெட்டிக்குள் போட வேண்டும். அதைப் பிளகின் என்றார்கள். பெட்டிக்குள் போட்டால் வேலை செய்யும். வெளியே எடுத்தால் நின்றுவிடும். மடை திறப்பதும் அடைப்பதும் போலத்தான். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

முதலில் தமிழ் எழுத்து வரச்செய்கிற பிளகின் வந்தது. பிறகு வரிக்கு இலக்கம் போடுகிறது. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தானாகச் சேமிக்கிறது. ஜெனரேற்றர் இடையில் நின்றாலும் பட்டியல் போகவில்லை என்று கண்ட நாள் நான் சங்கத்து முற்றத்தில் இரண்டு தரம் சுற்றி நடந்தேன். அதன் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரித்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிளொப்பி ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்தேன்.

நானா என்னைக் கண்டதும் சிரிப்பார்.

“எல்லாரும் படமும் பாட்டும் கேட்டு வருகினம். நீங்கள் ஒரு ஆள்தான் எடிற்றருக்கு நகை வாங்க வாறியள். இன்னும் எத்தினை போடப் போறியள்? கழுத்து முறியும்.”

“புதுசா என்ன வந்திருக்கு நானா?”

“கொழும்பிலயிருந்து மச்சான் ஒரு சீடி அனுப்பினவன். ஏழெட்டுக் கிடக்கு. என்னென்ன செய்யுமெண்டு சொல்லுறன், ஞாபகம் வைச்சிருங்கோ.”

அவர் சொன்னார். எனக்கிருந்த அவசரத்தில் பாதிதான் காதில் விழுந்தது. கோப்புகளின் பெயர் இங்கிலீசில் இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியும், சொல் தெரியாது. ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டேன். மொத்தம் பத்தொன்பது.

அந்த வருடம் மழை குறைவு. குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. கோடைச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யார் யாருக்குப் பங்கு என்று முடிவெடுக்கிற கூட்டத்தை மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் வைத்திருந்தார்கள். சங்கம் கொடுக்கிற பட்டியலில் இருக்கிற வயலுக்குத்தான் தண்ணீர். பட்டியலில் இல்லாத வயல் அந்தப் போகம் தரிசு.

கூட்டத்துக்கு முதல் நாள் இரண்டரை மணியளவில் ஒரு பெண் சங்கத்துக்கு வந்தா. எங்கள் வாய்க்காலின் கடைசி வயல் அவாவுடையது. புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை விரல் வைத்து மேலிருந்து கீழே பார்த்தா. மறுபடியும் பார்த்தா.

“அண்ணை, என்ரை அக்காவின்ரை வயல் கிடக்கு. என்ரை எங்கை?”

எழும்பிப் போய்ப் பார்த்தேன். இல்லை.

அந்தக் காணியின் கதையைச் சொல்ல வேண்டும். குடியேற்றத் திட்டத்தில் தகப்பனுக்குக் கிடைத்த காணி அது. இரண்டு மகள்களுக்கும் சீதனமாகச் சரிபாதி பிரித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் திட்டக் காணியின் உறுதிப் பத்திரத்தைப் பிரித்து எழுத அரசாங்கம் விடாது. கடதாசியில் எல்லாம் தகப்பன் பெயர்தான். எங்கள் பக்கத்தில் இப்படிப் பல காணிகள் உண்டு. ஆகவே பட்டியலில் தகப்பன் பெயர், ஒன்றரை ஏக்கர், வெள்ளிக்கிழமை என்று ஒரு வரி. அதற்குக் கீழே அதே வரி இன்னொரு தரம். மேல் வரி மூத்தவாவின் வயல். கீழ் வரி இளையவாவின் வயல். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

“நான் அடிச்சனான் தங்கச்சி. சத்தியமா அடிச்சனான்.”

“அடிச்சதெண்டால் எங்கை போயிட்டுது? நாளைக்குக் கூட்டமெல்லோ. விதைநெல்லும் எடுத்து வைச்சிட்டன்.”

திரும்ப அடித்தேன். சேமித்தேன். வரி போய்விட்டது. கண்ணுக்கு முன்னாலேயே போனது. இன்னொரு தரம் அடித்தேன். போய்விட்டது. அச்சடிக்கக் கொடுத்தாலும் அது முதலில் சேமித்துவிட்டுத்தான் அச்சடிக்கும். ஆகவே தாளிலும் வரி இல்லை.

“பேனையால எழுதி விடுவம் அக்கா,” என்று செயலாளர் அக்காவிடம் சொன்னேன்.

“கச்சேரியில எடுக்க மாட்டினம். போன போகம் வேறை வாய்க்கால்க்காரர் பேனையால ஏக்கர் கூட்டினவை. இப்ப அச்சில இருக்கிறது மட்டும்தான்.” அக்கா என்னைப் பார்த்தா. “நீங்கள் கொண்டுவந்து போட்ட சாமானில ஒண்டுதான் இதைத் தின்னுது. எல்லாத்தையும் கழட்டுங்கோ.”

“கழட்டினால் தமிழும் போயிடும் அக்கா. பட்டியல் முழுக்கக் கோடும் கட்டமுமாத்தான் வரும்.”

“அப்ப தமிழை விட்டிட்டு மற்றதைக் கழட்டுங்கோ.”

“எது தமிழெண்டு தெரியாது.”

அக்கா நெற்றியில் கை வைத்தா. அந்தப் பெண் கதிரையில் இருக்கவும் இல்லை, போகவும் இல்லை. கதவுக்குப் பக்கத்தில், வழக்கமாக நான் நிற்கிற இடத்தில் நின்றா. ஜெனரேற்றரில் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் எண்ணெய்.

பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் எடிற்றரைப் பத்தொன்பது தரம் மூடித் திறக்க வேண்டும். ஒரு தரம் திறக்க நாலைந்து நிமிடம். நேரம் போதாது.

அப்போதுதான் வாய்க்கால் ஞாபகம் வந்தது. துருசில் நிறையத் தண்ணீர் விட்டும் கடைசி வயலுக்கு வரவில்லை என்றால் வாய்க்கால் எங்கேயோ உடைந்திருக்கிறது. அப்போது நான் துருசிலிருந்து அடி அடியாகத் தேடுவதில்லை. நேரே நடுவுக்குப் போவேன். அங்கே தண்ணீர் நிறைய ஓடினால் உடைப்பு கீழே. குறைவாக ஓடினால் மேலே. பிறகு அந்தப் பாதியின் நடுவுக்குப் போவேன். நாலைந்து இடம் பார்த்தால் உடைப்புக் காலடியில் இருக்கும்.

பத்துக் கோப்பை வெளியே எடுத்து வைத்தேன். ஒன்பது உள்ளே. எடிற்றரைத் திறந்தேன். பட்டியல் கோடும் கட்டமுமாக வந்தது. தமிழ் அந்தப் பத்துக்குள் இருக்கிறது, சரி. தமிழில் அடிக்க முடியாததால் புதுப் பக்கத்தில் 1 என்று அடித்தேன். கீழ் வரியிலும் 1 என்று அடித்தேன். சேமித்தேன். கீழே இருந்த 1 போய்விட்டது.

“அக்கா!” என்று கத்தினேன். நான் கத்தி அக்கா கேட்டதில்லை. பயந்துபோனா.

“என்னப்பா? பாம்பே?”

“ஒரே மாதிரி ரெண்டு வரி வந்தால் ஒண்டை எடுத்துப்போடுது! தங்கச்சியின்ரை வரி எண்டு இல்லை, ரெண்டாவதா வாறது எதெண்டாலும் எடுத்துப்போடுது!”

நானா அந்தச் சனிக்கிழமை சொன்னது இப்போதுதான் காதுக்குள் கேட்டது. ஒரே வரி இரண்டு தரம் வந்தால் சுத்தம் செய்து தரும் என்று ஏதோ சொன்னார். நான் வேறொன்றைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். கொம்பியூட்டருக்கு எங்கள் சீதனக் கதை தெரியுமா? அதற்கு அது ஒரே காணி, கை தவறி இரண்டு தரம் அடித்தது.

ஒன்பதில் ஐந்தை எடுத்தேன். நாலு உள்ளே. 1, 1. இரண்டும் அழியாமல் நின்றன. அப்படியென்றால் எடுத்த ஐந்துக்குள். அந்த நாலையும் வெளியே எடுத்து, ஐந்தில் இரண்டை மட்டும் போட்டேன். இரண்டு 1-உம் நின்றன. மிச்சம் மூன்று. பெட்டிக்குள் குறைவாக இருந்ததால் எடிற்றர் சட்டென்று திறந்தது. அந்தப் பெண் எப்போது என் கதிரைக்குப் பின்னால் வந்தா என்று தெரியாது. மூன்றில் ஒன்றைப் போட்டேன். கீழ் 1 நின்றது. அடுத்ததைப் போட்டேன். சேமித்தேன்.

“போயிட்டுது!” என்று அவா கைதட்டினா. வரி காணாமல் போனதற்கு அவாவே கைதட்டினதை நினைத்து மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த ஒன்றைத் திரையின் மூலையில் தனியே விட்டுவிட்டு மற்றப் பதினெட்டையும் உள்ளே போட்டேன். தமிழ் வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு துருசிலிருந்து மனதுக்குள் நடந்தேன். ஒவ்வொரு மடையாக நான் சொல்ல, அக்கா திரையில் விரல் வைத்துப் பார்த்தா. இன்னும் இரண்டு வயல்கள் இதே மாதிரிப் போயிருந்தன. மூன்று வரியையும் அடித்தேன். சேமித்தேன். நின்றன. அச்சு இயந்திரம் கீர் கீர் என்று இழுக்கத் தொடங்கியது. கடைசித் தாள் வெளியே வரும்போது ஜெனரேற்றர் இருமத் தொடங்கிவிட்டது.

அடுத்த நாள் கச்சேரியில் நிறையச் சனம். அக்கா முன் வரிசையில் இருந்தா. அந்தப் பெண் நடுவில். நான் கதவுக்குப் பக்கத்தில். கூட்டத்தை நடத்திய அதிகாரி எங்கள் பட்டியலை வாசித்தார். கடைசித் தாளில் நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

“இது ரைப் பண்ணேக்கை ரெண்டு தரம் அடிபட்டிட்டுது போலை. ஒரே ஆள், ஒரே ஏக்கர், ஒரே நாள்.”

சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார். அக்கா எழும்பப் பார்த்தா, ஆனால் கட்டாகத் தாளை மடியில் வைத்திருந்ததால் உடனே எழும்ப முடியவில்லை. பேனை தாளுக்குப் போய்விட்டது.

“இல்லை ஐயா!”

யாரோ சொன்னார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பின பிறகுதான் அது நான் என்று விளங்கியது. சைக்கிளைப் பார்க்கிற மாதிரி வெளியே பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

“அது ரெண்டு வயல் ஐயா. தகப்பன் ரெண்டு பிள்ளையளுக்கும் குடுத்தது. மேல் வயலில ஒரு இலுப்பை நிக்குது. கீழ் வயலில மரம் இல்லை. ரெண்டுக்கும் ரெண்டு மடை. மேல் மடை கல்லுக்கட்டு, கீழ் மடை குடைஞ்ச பனங்குத்தி. முந்தநாள்கூடக் கீழ் மடையில நண்டுப் பொந்து அடைச்சனான்.”

“நீங்கள் ஆர்?”

“தண்ணி திறக்கிறவன்.”

“அப்ப வேறை வரியளும் இப்பிடி இருக்கோ?”

“இன்னும் ரெண்டு இருக்கு. அதுகளும் வேறை வேறை வயல்தான். எந்த வயலெண்டாலும் கேளுங்கோ, சொல்லுறன்.”

பின்னாலிருந்து ஒரு ஆள், “இவருக்கு வாய் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்,” என்றார். சனம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டு பேனையை மூடினார். வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் மேல், கீழ் என்று எழுதினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பெண் கிட்ட வந்தா.

“நண்டுப் பொந்தெல்லாம் கச்சேரியில சொல்லுவியளே அண்ணை?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தா. சிரித்தபடி கண்ணைத் துடைத்தா. நான் பஸ் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமையும் நானாவின் கடைக்குப் போனேன். பிளொப்பியோடு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போனேன். ஒவ்வொரு கோப்பும் என்ன செய்யும் என்று அவர் சொல்ல, வரி வரியாக எழுதினேன். இங்கிலீசுப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்தேன்.

சிறுபோகம் தொடங்கின முதல் வெள்ளிக்கிழமை மேல் மடையைத் திறந்து, வயல் நிறைந்த பிறகு அடைத்தேன். கீழ் மடைக்கு நடந்தேன். அந்தப் பெண் வரம்பில் எனக்கு முன்னமே வந்து நின்றா. பனங்குத்தி வாயை அடைத்திருந்த மண்ணை நான் மண்வெட்டியால் இழுக்க முன்னம், அவாவே குனிந்து கையால் இழுத்துவிட்டா.